முதல் ஆண்டிலேயே 5 விழுக்காடு பெறாமல் விழுந்த பேஸ்பால் வீரர்களில் புகழ்மண்டபத்திற்குத் தகுதியானவர்கள் யார்?

கேள்வி: கிளமெண்டி குமரன்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலைச் சிங்கப்பூரிலிருந்தே பின்தொடரும் சிறு நண்பர் குழு எங்களுடையது. கோடைக்காலத்தில் நியூயார்க்கில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குச் சரியாகக் காலை ஏழு மணிக்கு வருவதால், முதல் சில இன்னிங்ஸ்களை ரயிலிலேயே பார்த்துவிட்டு மீதியை மதிய உணவு வேளையில் பேசித் தீர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஒவ்வொரு ஜனவரியிலும் கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்தின் வாக்கு முடிவு வெளியாகும்போது நாங்களும் எங்களுக்குள் ஒரு வாக்கெடுப்பு நடத்துகிறோம். ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு உள்ளான பாரி பாண்ட்ஸ், ராஜர் கிளெமென்ஸ் பற்றி ஆண்டுதோறும் ஒரே வாதத்தைக் கேட்டுச் சலித்துவிட்டதால், இம்முறை புதிய விதி ஒன்றை வைத்துக்கொண்டோம். வாக்குச்சீட்டில் இடம்பெற்ற முதல் ஆண்டிலேயே 5 விழுக்காட்டுக்கும் குறைவாக வாங்கி நீக்கப்பட்டவர்களிலிருந்து மட்டும் ஆளுக்கு மூன்று பெயரைச் சொல்ல வேண்டும்.

விதிமுறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்துப் பருவங்களாவது ஆடி, ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த வீரர்களின் பெயர்கள் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் வாக்குச்சீட்டுக்கு வரும். சங்கத்தில் பத்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர்கள் வாக்களிப்பார்கள். ஒருவர் அதிகபட்சம் பத்துப் பெயர்களைக் குறிக்கலாம். 75 விழுக்காடு கிடைத்தால் மண்டபத்தில் இடம். அதற்குக் குறைவாகவும் 5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் பெற்றவர் மறுஆண்டும் சீட்டில் தொடர்வார். முன்பு பதினைந்து ஆண்டுகளாக இருந்த இந்தக் கால எல்லையை 2014இல் பத்தாகக் குறைத்தார்கள்.

என் மனத்தை உறுத்துவது அந்த 5 விழுக்காட்டு விதிதான். லாரி வாக்கர் 2011இல் 20.3 விழுக்காட்டில் தொடங்கித் தம் கடைசி வாய்ப்பான 2020இல் 76.6 விழுக்காடு பெற்றார். பெர்ட் பிளைலெவன் 1998இல் 17.5 விழுக்காட்டில் தொடங்கி, பதினான்காவது ஆண்டில்தான் உள்ளே போனார். மைய வெளிக்களத்தில் பத்து ஆண்டுகள் தொடர்ந்து, சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது வாங்கிய ஆண்ட்ரூ ஜோன்ஸ் 2018இல் பெற்றது வெறும் 7.3 விழுக்காடு, 2026இல் அவரும் தேர்வாகிவிட்டார். இவர்களில் எவரும் ஓய்வுக்குப் பிறகு மட்டையையோ பந்தையோ தொடவில்லை. அவர்களுடைய கணக்கை வாக்காளர்கள் படிக்கும் முறைதான் மாறியது, அது மாறுவதற்குக் காலம் தேவைப்பட்டது. ஜோன்ஸுக்கு அன்றைக்கு இன்னும் ஒரு பத்து வாக்கு குறைந்திருந்தால் அந்தக் காலமே அவருக்குக் கிடைத்திருக்காது.

என் பட்டியலில் இரண்டாவது பேஸ் ஆட்டக்காரர் லூ விட்டேக்கர் உறுதி. மைய வெளிக்கள ஆட்டக்காரர் கென்னி லாஃப்டன் ஏறத்தாழ உறுதி. மூன்றாவது இடத்திற்குப் பிட்சர்களான (பந்து எறிபவர்கள்) ஜோஹான் சந்தானாவா, ஹிடியோ நோமோவா என்று முடிவெடுக்க முடியவில்லை. உச்சத்தில் இருந்த சில ஆண்டுகளை வைத்து ஒருவரை மதிப்பிடுவதா, மொத்தமாக ஆடிய காலத்தை வைத்தா, அல்லது ஆட்டத்தின் போக்கையே மாற்றியதற்காகவா என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. மூன்று பெயரோடு காரணத்தையும் எழுதுங்கள். வெறும் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனால் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

மறுமொழி: தெம்பனிஸ் ரஹீம்

தம்பி குமரன், பாண்ட்ஸையும் கிளெமென்ஸையும் ஒதுக்கிவைத்துவிட்டு இந்தக் கேள்வியைப் பேச முடியாது. நீங்கள் பட்டியலிட்ட நால்வரில் மூவர் விழுந்ததற்கு அவ்விருவரும் சீட்டில் உட்கார்ந்திருந்ததே பெரிய காரணம்.

2013ஆம் ஆண்டின் சீட்டை எடுத்துப் பாருங்கள். 37 பெயர்கள். பாண்ட்ஸ், கிளெமென்ஸ், சாமி சோசா, மைக் பியாட்சா, கிரேக் பிஜியோ, கர்ட் ஷில்லிங் ஆகியோர் அந்த ஓராண்டில் ஒன்றாகப் புதிதாக வந்து இறங்கினார்கள். முன்னைய ஆண்டுகளிலிருந்து தொடர்ந்தவர்களும் குறைவில்லை. ஊக்கமருந்து விவகாரத்தில் என்ன நிலை எடுப்பது என்று எழுத்தாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லாததால் வாக்குகள் நாலாபக்கமும் சிதறி, அந்த ஆண்டில் ஒருவர்கூட 75 விழுக்காட்டை எட்டவில்லை. முதலிடத்தில் வந்த பிஜியோவுக்கே 68.2 விழுக்காடுதான். அந்தக் கூட்டத்தில் கென்னி லாஃப்டனுக்கு 569 சீட்டுகளில் 18 வாக்குகள் கிடைத்தன. 3.2 விழுக்காடு. அதோடு அவர் கதை முடிந்தது.

622 முறை பேஸ் திருடியவர் அவர், அதாவது பந்து அடிக்கப்படும்வரை காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தவர். மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1992 முதல் 1996 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அந்தப் பட்டியலில் முதலிடம். நான்கு தங்கக் கையுறைகள், ஆறு ஆல்-ஸ்டார் ஆட்டங்கள், .299 சராசரி. ஆனால் அவருடைய ஆட்டத்தை எண்களில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். 1995இல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் சியாட்டிலில் நடந்தது. எட்டாவது இன்னிங்ஸில் ரேண்டி ஜான்சன் எறிந்த பந்து கேட்சரின் கையுறையில் நிற்காமல் பின்னால் ஓடியது. மூன்றாவது பேஸில் இருந்தவர் ஹோம் பிளேட்டுக்கு வருவது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். கேட்சர் பந்தைத் தேடி எடுத்துத் திரும்புவதற்குள், இரண்டாவது பேஸில் இருந்த லாஃப்டனும் மூன்றாவதில் நிற்காமல் வளைந்து ஓடிவந்து சறுக்கி உள்ளே நுழைந்துவிட்டார். பந்தை அடிக்காமலேயே இரண்டு ஓட்டங்கள். கிளீவ்லாந்து அந்த ஆட்டத்தை 4-0 என்று வென்று உலகத் தொடருக்குப் போனது. அந்தப் பதிவைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து அவருக்கு 18 வாக்கு போதும் என்று யாராவது சொல்லட்டும்.

பாண்ட்ஸ் விஷயத்திற்கு வருகிறேன். 762 ஹோம் ரன்களும் ஏழு முறை சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கியவரை உள்ளே விட வேண்டுமா, வேண்டாமா என்பதில் என் கருத்தை விட்டுவிடுங்கள். (விட வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் ஆணையராக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பட் செலிக்கை 2017இல் மண்டபத்தில் சேர்த்தவர்கள், வீரர்களை மட்டும் வாசலில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.) ஏதாவது ஒரு முடிவை 2013இலேயே எடுத்திருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் இழுத்து, 2022இல் பாண்ட்ஸுக்கு 66, கிளெமென்ஸுக்கு 65.2 என்று கொடுத்து அனுப்பினார்கள். பத்துப் பெயருக்கு மட்டுமே இடமுள்ள சீட்டில், தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாக்காளர்களும் கடைசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரும் இரண்டு இடத்தை அவர்களுக்காகவே செலவழித்தார்கள். அந்தச் செலவை யார் கொடுத்தார்கள் என்றால் லாஃப்டனும் சந்தானாவும்தான்.

என் மூன்று: லாஃப்டன், விட்டேக்கர், ஜிம் எட்மண்ட்ஸ். எட்மண்ட்ஸும் 2016இல் 2.5 விழுக்காட்டோடு போனவர். மைய வெளிக்களத்தில் எட்டுத் தங்கக் கையுறைகளும் 393 ஹோம் ரன்களும் வைத்திருப்பவரைப் பற்றி உங்கள் பட்டியலில் ஒரு சொல்கூட இல்லை, தம்பி.

மறுமொழி: ஈசூன் மங்கை

உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக மென்பந்து பயிற்றுவித்து ஓய்வுபெற்றவள் நான். அதனால் எனக்கு ஹோம் ரன்களை விட உள்களத்தின் நடுப்பகுதிதான் கண்ணில் படும். விட்டேக்கரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது பேஸ் ஆட்டக்காரரின் வேலையில் மிகக் கடினமான கணம் டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் எதிரணியினர் இருவரை ஆட்டமிழக்கச் செய்வது. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) பந்தை எடுத்து எறியும்போது, அதை வாங்கப் போகிறவர் அவர் பக்கமாகப் பார்த்துக்கொண்டு பேஸை நோக்கி ஓடிவருகிறார். அவர் அடுத்து எறிய வேண்டிய முதல் பேஸோ முதுகுப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து எதிரணியின் ஓட்டக்காரர் அவர் கால்களைக் குறிவைத்துச் சறுக்கி வருகிறார். பந்தை வாங்குவது, காலால் பேஸைத் தொடுவது, கையுறையிலிருந்து வலக்கைக்குப் பந்தை மாற்றுவது, உடலைத் திருப்பித் துள்ளி எறிவது ஆகிய நான்கும் தனித்தனியாகத் தெரியக்கூடாது. தெரிந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். மென்பந்தில் பேஸ்களுக்கு இடையே 60 அடிதான். அந்தக் குறுகிய தொலைவிலேயே என் மாணவிகளுக்கு இதைப் பழக்க ஒரு பருவம் முழுவதும் போய்விடும். பேஸ்பாலில் அது 90 அடி. விட்டேக்கர் எறியும்போது பார்த்தால் கை மட்டும் அசைந்தது போல இருக்கும்; பந்து போய்ச் சேர்ந்திருக்கும். அவரும் ஷார்ட்ஸ்டாப் ஆலன் டிராமெலும் 1977 செப்டம்பரில் ஒரே நாளில் டெட்ராய்ட் அணிக்காக அறிமுகமாகி, அதன்பின் சேர்ந்தே 1,918 ஆட்டங்கள் ஆடினார்கள். அமெரிக்கன் லீகில் வேறு எந்த இணையும் அத்தனை ஆட்டங்கள் சேர்ந்து ஆடியதில்லை.

டிராமெல் 2002இல் வாக்குச்சீட்டுக்கு வந்து 15.7 விழுக்காடு வாங்கினார். எழுத்தாளர்களிடம் பதினைந்து ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தாலும் அவர் பெயர் பேச்சில் இருந்தது. கடைசியில் 2018இல், எழுத்தாளர்கள் தவறவிட்டவர்களைப் பரிசீலிக்கும் குழுவின் வழியாக உள்ளே போனார். விட்டேக்கர் அதற்கு முந்தைய ஆண்டான 2001இல் வந்து, 2.9 விழுக்காடு வாங்கி, ஒரே நாளில் பேச்சிலிருந்தே போய்விட்டார். இத்தனைக்கும் 2,369 ஹிட்டுகள், 244 ஹோம் ரன்கள், ஐந்து ஆல்-ஸ்டார் தேர்வுகள், மூன்று தங்கக் கையுறைகள், 1984 உலகத் தொடர் வெற்றி எல்லாம் அவரிடம் இருந்தன. மாற்று வீரர் ஒருவரைவிட எத்தனை வெற்றிகளைக் கூடுதலாக ஈட்டித் தந்தார் என்று சொல்லும் ‘வார்’ கணக்கில் விட்டேக்கருக்கு 75, டிராமெலுக்கு ஏறத்தாழ 71. இருவரில் ஒருவரை மட்டும் எடுப்பது என்றாலும் கணக்குப்படி வெளியே நிற்பவரைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

அவர் ஏன் மறக்கப்பட்டார் என்று கேட்டால், பேசாதவர் என்பதுதான் என் பதில். செய்தியாளர்களுக்கு அவரிடமிருந்து பத்தி எழுதும் அளவுக்கு எதுவும் கிடைக்காது. 1985 ஆல்-ஸ்டார் ஆட்டத்திற்குச் சீருடையை மறந்துவிட்டு வந்து, கடையில் விற்கும் சட்டையை வாங்கி, முதுகில் பேனா மையால் 1 என்று எண் எழுதி ஆடினார். அவரைப் பற்றி அமெரிக்காவில் அதிகம் சொல்லப்படும் கதை அதுதான் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வாக்களிப்பவர்கள் எழுத்தாளர்களாக இருக்கும்வரை, எழுதுவதற்குத் தீனி போடாத ஆட்டக்காரருக்கு இந்த நிலை வரத்தான் செய்யும்.

ரஹீம் அவர்கள் சொன்ன ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. செலிக் உள்ளே இருக்கிறார் என்பது பாண்ட்ஸை உள்ளே விடுவதற்குக் காரணமாகாது; செலிக்கைச் சேர்த்தது சரியா என்று கேட்பதற்குத்தான் காரணமாகும். நேர்மையும் விளையாட்டுப் பண்பும் வாக்களிப்பு விதியிலேயே அளவுகோலாக எழுதப்பட்டிருக்கின்றன. பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்காகத் தடைசெய்யப்பட்ட பீட் ரோஸ் விஷயத்திலும் இதையே சொல்வேன். சூதாட்டத் தடை விதி ஒவ்வோர் அணியின் உடைமாற்றும் அறையிலும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். 4,256 ஹிட்டுகள் அடித்தவர் அதன் முன்னால் எத்தனை ஆயிரம் முறை நடந்திருப்பார்! 2024இல் அவர் இறந்த பிறகு, 2025 மே மாதம் ஆணையர் தடையை நீக்கிவிட்டதால் 2027 டிசம்பரில் அவர் பெயர் குழுவின் முன் வரலாம். வரட்டும். என்னிடம் வாக்கு இருந்தால் போட மாட்டேன்.

மறுமொழி: பொங்கோல் சரவணன்

நோமோவுக்காக யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். ஜூரோங்கில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்ப்பதால் எனக்கு இந்த ஆட்டம் அமெரிக்கா வழியாக வரவில்லை. என் மேலதிகாரிகள் ஒசாக்காவைச் சேர்ந்தவர்கள். விருந்துகளில் அவர்கள் நோமோவின் பெயரைச் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

முதலில் பாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 123 வெற்றிகள், 109 தோல்விகள், 4.24 ஈ.ஆர்.ஏ (பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ஓட்டங்கள்; குறைந்தால் சிறப்பு). இவற்றை மட்டும் பார்த்தால் 2014இல் அவருக்கு ஆறு வாக்குகள், அதாவது 1.1 விழுக்காடு கிடைத்ததில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்கள் தொடங்கும் இடத்திற்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். மசானோரி முராகாமி 1964-65இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஆடிவிட்டுத் திரும்பிய பிறகு முப்பது ஆண்டுகளாக ஒரு ஜப்பானியர்கூட மேஜர் லீகில் இல்லை. ஜப்பானிய அணிகள் தங்கள் வீரர்களை விடுவதில்லை. நோமோவும் அவருடைய முகவரும் ஒப்பந்த விதியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வீரர் தாமாகவே ஓய்வு பெற்றுக்கொண்டால், ஜப்பானுக்கு வெளியே ஆடுவதை அவருடைய பழைய அணி தடுக்க முடியாது. இருபத்தாறு வயதில், உச்சத்தில் இருந்தபோது, கிண்டெட்சு அணியிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டு லாஸ் ஏஞ்சலிசுக்கு விமானம் ஏறினார். ஊரில் அவரைத் துரோகி என்றார்கள். அங்கே தோற்றிருந்தால் திரும்பிவர இடமில்லை.

1995 எப்படிப்பட்ட ஆண்டு என்பதும் முக்கியம். முந்தைய ஆண்டு வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே ரத்தாகி, ரசிகர்கள் கசந்துபோயிருந்த நேரம். அப்போது இந்த மனிதர் வந்து இரு கைகளையும் தலைக்கு மேலே நீட்டி, முதுகு முழுவதும் பேட்டருக்குத் தெரியும்படி உடலை முறுக்கி, ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு சுழன்று எறிந்தார். பந்து எங்கிருந்து வெளிவருகிறது என்பதே பேட்டருக்குப் புலப்படாது. கயிறு சுற்றிய பம்பரம் போல என்று என் அம்மா சொன்னார். அந்தப் பருவத்தில் 13 வெற்றிகள், 2.54 ஈ.ஆர்.ஏ, நேஷனல் லீகிலேயே அதிகமாக 236 ஸ்டிரைக்அவுட்டுகள், ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது. மறுஆண்டு டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் ஹிட்டே கொடுக்காமல் ஓர் ஆட்டம் முழுவதையும் எறிந்தார். கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில், மெல்லிய காற்றில் பந்து பறந்து போகும் அந்த மைதானத்தில் அப்படி எறிவது பிட்சர்கள் கனவிலும் நினைக்காதது. 2001இல் பால்டிமோரில் மீண்டும் ஒருமுறை அதைச் செய்தார்.

அவருக்குப் பின்னால்தான் இரு நாட்டு லீகுகளும் வீரர் பரிமாற்றத்திற்கு முறையான ஏற்பாட்டைச் செய்துகொண்டன. அந்த வழியாக 2001இல் போன இச்சிரோ சுசுகிக்கு 2025இல் 394 வாக்குகளில் 393 கிடைத்தன. இச்சிரோவைப் பாராட்டிவிட்டுக் கதவைத் திறந்தவரை மறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீக்ரோ லீக் காலத்தைச் சேர்ந்த பக் ஓ'நீல், ஆட்டத்திற்கு வாழ்நாள் முழுவதும் செய்த தொண்டுக்காக 2022இல் சேர்க்கப்பட்டார் அல்லவா? நோமோவையும் அந்த வகையில் கருத வேண்டும். குமரன், உங்கள் மூன்று இடங்களில் ஒன்றைக் கொடுங்கள்.

மறுமொழி: செங்காங் செல்வி

சரவணன் சொன்னது உருக்கமாக இருக்கிறது. ஆனால் அவரே நோமோவை வேறு வகையில் கருத வேண்டும் என்று சொல்லிவிட்டாரே! குமரன் கேட்டது எழுத்தாளர்கள் ஆட்டக்காரராக மதிப்பிட்டுத் தவறவிட்டவர்களை. அந்தக் கேள்விக்கு விடை ஜோஹான் சந்தானாதான். ஒரே ஓர் ஒப்பீட்டை வைக்கிறேன்.

2025இல் பெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் முதல்முறையாக வாக்குச்சீட்டுக்கு வந்தார். 169 வெற்றிகள், 3.42 ஈ.ஆர்.ஏ, ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒன்று. அவருக்கு 20.6 விழுக்காடு கிடைத்தது. மறுஆண்டு அது இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. சந்தானாவுக்கு 139 வெற்றிகள், 3.20 ஈ.ஆர்.ஏ, 2004இலும் 2006இலும் ஒருமனதாகக் கிடைத்த இரண்டு சை யங் விருதுகள். 2018இல் அவருக்குக் கிடைத்தது 2.4 விழுக்காடு. பெலிக்ஸைவிடக் குறைவான இன்னிங்ஸ் எறிந்தவர் என்பது உண்மைதான். ஆனால் எறிந்தபோது அவரைவிடச் சிறப்பாக எறிந்தார். எட்டில் ஒரு பங்கு வாக்குக்கு அது எப்படி நியாயம்? ரஹீம் அண்ணன் சொன்ன நெரிசலைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை. 2018 சீட்டில் சிப்பர் ஜோன்ஸ், ஜிம் தோம், விளாடிமிர் கெரேரோ, டிரெவர் ஹாஃப்மன் ஆகிய நால்வர் தேர்வானார்கள். பாண்ட்ஸும் கிளெமென்ஸும் அப்போதும் இருந்தார்கள். பதினொன்றாவது பெயராகச் சந்தானாவை எழுத நினைத்தவர்களுக்குச் சீட்டில் கோடு இல்லை.

2005ஆம் ஆண்டையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு அமெரிக்கன் லீகின் சை யங் விருது 21 ஆட்டங்களில் வென்ற பார்த்தோலோ கொலோனுக்குப் போனது. கொலோனின் ஈ.ஆர்.ஏ 3.48, சந்தானாவுடையது 2.87. வெற்றி எண்ணிக்கை என்பது உடன் ஆடுபவர்கள் எத்தனை ஓட்டம் எடுத்துத் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று இன்று எல்லோருக்கும் தெரியும். இன்றைய வாக்காளர்கள் அன்று இருந்திருந்தால் தொடர்ந்து மூன்று சை யங் விருதுகள். அப்படி வாங்கியவரை முதல் ஆண்டிலேயே யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள்.

உச்சம் குறுகியது என்பீர்கள். சாண்டி கோஃபாக்ஸ் 165 வெற்றிகளோடு முப்பது வயதில் நின்றவர். 1972இல் முதல் வாய்ப்பிலேயே மண்டபத்திற்குப் போனார். மைதானங்களையும் காலத்தையும் சரிக்கட்டிப் பார்க்கும் ஈ.ஆர்.ஏ அளவீட்டில் சராசரியை 100 என்று வைத்தால் (இதில் எண் கூடினால் சிறப்பு) கோஃபாக்ஸுக்கு 131, சந்தானாவுக்கு 136.

என் மூன்று: சந்தானா, விட்டேக்கர், லாஃப்டன்.

மறுமொழி: தெம்பனிஸ் ரஹீம்

செல்வி, பெலிக்ஸ் ஒப்பீட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. கோஃபாக்ஸை மட்டும் விட்டுவிடுங்கள். உலகத் தொடர்களில் அவருடைய ஈ.ஆர்.ஏ 0.95, அவர் மண்டபத்திற்குப் போனதில் அக்டோபர் மாத ஆட்டங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சந்தானாவுக்கு உலகத் தொடரில் எறியும் வாய்ப்பே வரவில்லை. அது அவர் குற்றமல்ல என்றாலும், அந்த ஒப்பீட்டைக் கேட்டால் பழைய ரசிகர்கள் உங்கள் வாதத்தின் மற்றப் பகுதியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

2012 ஜூன் 1ஆம் தேதி ஆட்டத்தை நீங்கள் சொல்லாதது வியப்பு. தோள் அறுவை சிகிச்சையால் முந்தைய ஆண்டு முழுவதும் ஆடாமல் இருந்தவர், நியூயார்க் மெட்ஸ் அணியின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஹிட் கொடுக்காத ஆட்டத்தை எறிந்தார். மொத்தம் 134 பந்துகள். ஆறாவது இன்னிங்ஸில் கார்லோஸ் பெல்ட்ரான் அடித்த பந்து மூன்றாவது பேஸ் கோட்டின் சுண்ணாம்பைத் தொட்டது மறுஒளிபரப்பில் தெரிந்தது. அது ஹிட்டாகியிருக்க வேண்டியது, ஆனால் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது என்றார் நடுவர். அன்று அந்த நடுவர் தவறவிட்ட பெல்ட்ரான் இப்போது மண்டபத்தில் இருக்கிறார், எறிந்தவர் வெளியே இருக்கிறார். எட்மண்ட்ஸை எடுத்துவிட்டுச் சந்தானாவைப் போட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: கிளமெண்டி குமரன்

அனைவருக்கும் நன்றி. மங்கை டீச்சர் டபுள் பிளேயை விவரித்ததைப் படித்துவிட்டு இரண்டு பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். விட்டேக்கர் எறியும்போது கை மட்டும்தான் அசைகிறது, சொன்னபடியே இருக்கிறது.

என் வாக்கு விட்டேக்கர், லாஃப்டன், சந்தானா. சரவணன், நோமோவை மறுக்கவில்லை. ஆட்டத்திற்கு வழிதிறந்தவர்களுக்கென்று தனி வாக்கெடுப்பு ஒன்றை வைப்போம். அதில் நோமோவோடு, தம்மை வேறு அணிக்கு மாற்றுவதை எதிர்த்து உச்சநீதிமன்றம்வரை போய் 1972இல் தோற்ற கர்ட் ஃபிளட்டையும் சேர்க்க வேண்டும். வீரர்கள் இன்று விரும்பிய அணிக்குப் போகும் உரிமைக்கு அந்த வழக்குதான் பேச்சைத் தொடங்கிவைத்தது. அந்த விவாதத்தை நீங்களே நடத்துங்கள்.

ரஹீம் அண்ணன் சொன்ன நெரிசல் குழுவிலும் தொடர்கிறது என்பதைக் கவனித்தேன். எழுத்தாளர்கள் தவறவிட்டவர்களைப் பதினாறு பேர் கொண்ட குழு பரிசீலிக்கிறது. அதன் சீட்டில் எட்டுப் பெயர்கள்தான். பன்னிரண்டு வாக்குகள் வேண்டும். ஒருவர் மூவருக்குமேல் வாக்களிக்க முடியாது. 2019 டிசம்பரில் விட்டேக்கருக்கு ஆறு வாக்குகள் கிடைத்தன. அதே கூட்டத்தில் டெட் சிமன்ஸ் தேர்வானார். சிமன்ஸும் 1994இல் 3.7 விழுக்காட்டோடு முதல் ஆண்டிலேயே விழுந்தவர் என்பதால் வழி அடைபட்டுவிடவில்லை. ஆனால் 2022 டிசம்பர் சீட்டில் பாண்ட்ஸ், கிளெமென்ஸ், பல்மேரோ. 2025 டிசம்பர் சீட்டில் பாண்ட்ஸ், கிளெமென்ஸ், ஷெஃபீல்டு. இரண்டு முறையும் எட்டில் மூன்று இடம் அதே ஊக்கமருந்து விவகாரத்திற்குப் போனது; விட்டேக்கர், லாஃப்டன் பெயர்கள் இரண்டு சீட்டிலும் இல்லை. 2025இல் ஜெஃப் கென்ட் மட்டும் தேர்வானார். பாண்ட்ஸும் கிளெமென்ஸும் ஐந்து வாக்குகூடப் பெறவில்லை. அப்படிப் பெறாதவர்கள் அடுத்த சுற்றில் இடம்பெற முடியாது என்பது புதிய விதி. எனவே 2028 டிசம்பர் சீட்டில் அவர்கள் இருவரின் பெயரும் இருக்காது. விட்டேக்கருக்கு அப்போது 71 வயது.

வாக்கெடுப்பு ஞாயிறு இரவு முடிகிறது. மங்கை டீச்சர், நீங்கள் ஒரு பெயர்தான் சொல்லியிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு பாக்கி.